மார்கரெட் மக்மில்லன் அம்மையார்

மார்கரெட் மக்மில்லன் என்னும் பெயரை நான் முதலில் தேர்வுக்காகவே மனப்பாடம் செய்தேன். கல்வியியல் பட்ட வகுப்பில் சேர்ந்த முதல் பருவம் அது. குழந்தைக் கல்விக்கு உழைத்தோர் என்று பாடக்குறிப்பில் ஒரு பட்டியல் இருந்தது. புரோபெல், மாண்டிசோரி என்னும் பெரும் பெயர்களுக்குக் கீழே இந்த அம்மையாரின் பெயர். எதிரே திறந்தவெளி நர்சரிப் பள்ளி என்ற குறிப்பும் 1914 என்ற ஆண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கு அது போதும். தேர்வில் அந்த வினா வரவில்லை; நானும் அவரை மறந்துவிட்டேன்.

அவரைத் தேடி மீண்டும் என்னைப் போகச் செய்தவன் ஒரு சிறுவன். கற்பிக்கும் பயிற்சிக்காக எங்களை இந்த நகரத்துப் பள்ளிகளுக்கு அனுப்புவது வழக்கம் என்பதை நண்பர்கள் அறிவீர்கள். எனக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு. என் இந்தி அரைகுறை. ஆயினும் கணக்குப் பாடம் ஆதலால் எண்கள் என்னைக் காப்பாற்றின. கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் கரும்பலகையில் உள்ளதைச் சரியாக எழுதவே மாட்டான். நான் 8 எழுதினால் அவன் ஏட்டில் 3 இருக்கும். 6 பூஜ்யமாகிவிடும். முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் அவனை எழுப்பி வகுப்பின் முன் நிறுத்தி, கவனம் இல்லாதவன் என்று கடிந்துகொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்களா, என் இந்தியைக் கேட்டுச் சிரித்தார்களா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் ஏதோ காரணமாக அவனைப் பலகையின் அருகில் அழைத்தேன். அங்கே இருந்த எண்களையெல்லாம் தடங்கலின்றிப் படித்தான், கூட்டியும் காட்டினான். அவனுக்குக் கணக்குத் தெரியும். எட்ட இருந்தால் கண்தான் தெரியாது.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பியபோது என் மேல் எனக்கே வெறுப்பு ஏற்பட்டது. குழந்தையின் மன வளர்ச்சியைப் பற்றி நானூறு பக்கங்கள் படித்தவன் நான். ஒரு குழந்தைக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கு வரும் பிள்ளையின் கண்ணையும் காதையும் வயிற்றையும் பார்க்க வேண்டும் என்று முதலில் நினைத்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். இரண்டு மதிப்பெண் அம்மையார் அங்கே எனக்காகக் காத்திருந்தார்.

மார்கரெட் 1860ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த வெஸ்ட்செஸ்டரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். தமக்கை ராச்சேல் ஓராண்டு மூத்தவர். 1865இல் அந்தக் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. தந்தை இறந்தார், சகோதரி எலிசபெத்தும் இறந்தாள். மார்கரெட்டையும் ஸ்கார்லெட் காய்ச்சல் பற்றியது. உயிர் தப்பியது, ஆனால் காது கேளாமல் போயிற்று. கணவனையும் ஒரு குழந்தையையும் புதைத்த தாய், எஞ்சிய இரு பெண்களை அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்குத் திரும்பினார். பதினான்கு வயதில்தான் மார்கரெட்டுக்குக் கேட்கும் ஆற்றல் மீண்டது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். காது கேளாத ஒரு சிறுமி பல ஆண்டுகள் வகுப்பில் அமர்ந்திருந்தாள். ஆசிரியர் உதடசைவதைப் பார்த்திருப்பாள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்திருப்பாள். என் வகுப்பின் கடைசி வரிசை என் நினைவுக்கு வந்தது.

1877இல் தாயும் மறைந்தார். ராச்சேல் முதிய பாட்டியைப் பேண வீட்டில் தங்கினார். மார்கரெட் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குத் தம்மைத் தயார் செய்துகொண்டு, ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பயின்றார். 1888இல் சகோதரிகள் இருவரும் லண்டனில் ஒன்று சேர்ந்தார்கள். ராச்சேல் அதற்குள் சமதர்மக் கொள்கையில் ஈடுபட்டிருந்தார். தங்கையையும் அவ்வழியில் இழுத்தார். மறு ஆண்டு கப்பல்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் துணை நின்றார்கள்.

மார்கரெட்டுக்கு இனிய குரல். மேடைக்கு ஏற்ற தோற்றம். லண்டன் சீமாட்டி ஒருவர் அவரை நடிகையாக்க விரும்பித் தம் செலவில் பயிற்சி தந்தார். ஆனால் 1892ஆம் ஆண்டு மே தினத்தன்று ஹைட் பூங்காவில் தொழிலாளர் கூட்டத்தில் மார்கரெட் பேசிவிட்டார். சீமாட்டியின் தயவு அத்துடன் முடிந்தது. நாடக மேடை இழந்ததைப் பொதுமேடை பெற்றது எனலாம். 1893இல் சகோதரிகள் வடக்கே பிராட்போர்டு நகருக்குச் சென்றார்கள்.

பிராட்போர்டு கம்பளி ஆலைகளின் நகரம். சுதந்திரத் தொழிற்கட்சி 1893 ஜனவரியில் தோன்றியதும் அந்த நகரில்தான். அங்கே அரைநாள் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. பதினொரு வயது நிரம்பிய பிள்ளை பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் இருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. விடியுமுன் எழுந்து ஆலைக்குப் போன குழந்தை பிற்பகலில் பள்ளி மேசைமேல் தலை வைத்துத் தூங்கும். ஏழைக் குடும்பங்களில் வேறொரு வழக்கமும் உண்டு. குளிர்காலம் தொடங்கும்போது பிள்ளைக்கு உடையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். வசந்தம் வரும்வரை அது கழற்றப்படாது. பேனும் சொறியும் அவ்வுடையின் உள்ளே குடியிருக்கும்.

1894இல் மார்கரெட் அந்நகரின் கல்வி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை இல்லாத காலம் அது. ஆனால் கல்வி வாரியத்தில் அவர்கள் இடம் பெறலாம். அந்தச் சிறிய வாயில் வழியாகவே அவர் உள்ளே நுழைந்தார். தம் வாழ்நாள் முழுதும் பற்றியிருந்த கருத்தை அங்கேதான் உருவாக்கிக்கொண்டார். அரசு சட்டம் போட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு வரவழைக்கிறது. குழந்தை தன் அறிவை மட்டும் அனுப்பிவிட்டு உடலை வீட்டில் விட்டுவர முடியாது. பசியோடும் நோயோடும் வருகிற உடலுக்குப் பாடம் சொல்வது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பள்ளிக்குச் செலவிடும் பணமும் வீண். ஆகவே உடலைப் பேணுவது கல்வியின் முதற்பாடம். இதுதான் அவர் வாதம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. குளிப்பாட்டுவதும் சோறு போடுவதும் பெற்றோர் கடமை, பள்ளி அவற்றை ஏற்றால் பெற்றோர் பொறுப்பற்றவர்கள் ஆவார்கள், வரி செலுத்துவோர் தலையில் சுமை ஏறும் என்று பலர் கூறினார்கள். இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. குளிக்கத் தண்ணீர் குழாயில் வரும் வீட்டில் இருந்துகொண்டு பேசினார்கள், அவ்வளவே.

1897இல் பிராட்போர்டின் வாப்பிங் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குளியலறைகளும் நீந்தும் குளமும் அமைந்தன. பள்ளிக்குள் குளியல் என்பது இங்கிலாந்துக்கே புதுமை. 1899இல் அந்நகரின் பள்ளி மருத்துவரான ஜேம்ஸ் கெர் என்பவருடன் சேர்ந்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை மார்கரெட் ஆராய்ந்தார். பிரிட்டனில் நடந்த முதல் பள்ளி மருத்துவச் சோதனைகளுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுகிறார்கள். கண்ட குறைகளை இருவரும் அறிக்கையாக வெளியிட்டார்கள். குளியலறை, காற்றோட்டமான வகுப்பு, இலவச உணவு ஆகிய மூன்றும் பள்ளிதோறும் வேண்டும் என்று வலியுறுத்தினார்கள்.

வேலை சூடுபிடித்த வேளையில் வாயில் அடைபட்டது. 1902ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கல்வி வாரியங்களைக் கலைத்துப் பள்ளிகளை நகர, மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. அம்மன்றங்களுக்குப் பெண்கள் போட்டியிட அப்போது உரிமை இல்லை. எட்டு ஆண்டு உழைத்த மார்கரெட்டின் பதவி ஒரு சட்டத்தால் போயிற்று. அவர் பிராட்போர்டை விட்டுத் தெற்கே, கென்ட் பகுதியில் சுகாதாரப் பணியில் இருந்த தமக்கையிடம் வந்து சேர்ந்தார்.

பதவி போனால் என்ன? எழுதினார், ஊர் ஊராகப் பேசினார், சட்டம் இயற்றுவோரைச் சந்தித்தார். காலமும் அவருக்குத் துணை செய்தது. தென்னாப்பிரிக்கப் போருக்குப் படையில் சேர வந்த இளைஞர்களுள் மிகப் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டது ஆட்சியாளரைத் திடுக்கிட வைத்திருந்தது. குழந்தையின் பசி அசைக்காத உள்ளங்களைப் படையின் தேவை அசைத்தது. 1906இல் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. 1907இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

இந்த 1907இல் பிராட்போர்டில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜேம்ஸ் கெருக்குப் பின் வந்த மருத்துவர் ரால்ஃப் குரோலி என்பவர் ஏழைப் பிள்ளைகள் சுமார் 40 பேரைத் தெரிந்தெடுத்தார். பள்ளி நாட்களில் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் பகலில் நல்ல உணவும் கொடுத்தார். எடையைத் தொடர்ந்து நிறுத்துக் குறித்தார். கோடு மேலே ஏறிக்கொண்டே போயிற்று. இடையில் பெந்தகொஸ்தே விடுமுறைக்காகப் பள்ளியை மூடினார்கள். அந்த விடுமுறையில் கோடு கீழே இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது.

அந்த வளைகோட்டைப் பார்த்தபோது என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் இராமநாதபுரம் சீமையில், காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு உண்டு படித்தவர். கோடை விடுமுறை என்றால் எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். தாத்தா மட்டும் சிறுவயதில் தாம் ஜூன் மாதத்தை எண்ணிக்கொண்டு காத்திருந்ததாகச் சொல்வார். பள்ளியின் மேல் அவருக்கு அவ்வளவு பற்று என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிராட்போர்டு மருத்துவரின் கோடுதான் எனக்கு என் தாத்தாவின் பேச்சை விளக்கியது.

மார்கரெட்டின் வரலாற்றுக்குத் திரும்புவோம். சட்டங்கள் வந்ததும் வேலை முடிந்தது என்று மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். அவர் மகிழவில்லை. உணவுச் சட்டம், உணவு கொடுக்கலாம் என்று மன்றங்களுக்கு அனுமதி தந்ததேயன்றிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடவில்லை. மருத்துவச் சோதனை, பிள்ளைக்குப் பல் சொத்தை என்று தாளில் எழுதும். அந்தப் பல்லை யார் பிடுங்குவது? ஏழைத் தாய் மருத்துவருக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவாள்? குறையைக் கண்டு எழுதிவைத்து விட்டுவிடுவது அவருக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

ஆகவே ஜோசப் ஃபெல்ஸ் என்னும் அமெரிக்க சோப்பு உற்பத்தியாளரின் பொருளுதவியோடு, 1908இல் லண்டனின் பௌ பகுதியில் பள்ளி மருத்துவ நிலையம் ஒன்றைச் சகோதரிகள் தொடங்கினார்கள். 1910இல் அது தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டெட்போர்டு என்னும் வறிய பகுதிக்கு மாறியது. பல் வைத்தியம் நடந்தது. காது, கண், தோல் நோய்களுக்கு மருந்திட்டார்கள். நேராக நிற்கவும் ஆழ்ந்து மூச்சுவிடவும் பயிற்சி தந்தார்கள்.

சிறிது காலத்தில் ஓர் உண்மை தெரிந்தது. புண் ஆறிப் போன பிள்ளை சில வாரங்களில் அதே புண்ணோடு திரும்பி வந்தது. மருந்தில் குற்றமில்லை. பிள்ளை திரும்பிப் போன அறையில் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, நீர் இல்லை. ஒரே படுக்கையில் பலர் கிடந்தார்கள். வந்த நோயைத் தீர்த்துத் தீர்த்து அனுப்புவதால் என்ன பயன்? நோய் பிறக்கும் இடத்துக்கு முன்னே போய் நிற்க வேண்டும் என்று சகோதரிகள் முடிவு செய்தார்கள்.

1911இல் டெட்போர்டில் ஒரு வீட்டின் தோட்டத்தில் இரவு முகாம் தொடங்கியது. அண்டைத் தெருச் சிறுமிகள் மாலையில் வந்து, குளித்து, சுத்தமான உடை அணிந்து, திறந்தவெளியில் கட்டில்களில் உறங்கி, காலையில் உண்டு பள்ளிக்குப் போனார்கள். அதிலும் அவர் நிறைவு கொள்ளவில்லை. பள்ளிக்கு வரும் வயதுக்குள்ளேயே உடல் கெட்டுவிடுகிறது என்பதைக் கண்டார். 1914இல் பள்ளி வயது எட்டாத குழந்தைகளுக்கென்று திறந்தவெளி நர்சரிப் பள்ளியை நிறுவினார்கள். பக்கச்சுவர் திறந்த கொட்டகைகள், நடுவே தோட்டம், பூவும் கீரையும், குளியல் தொட்டிகள், வேளை தவறாத உணவு, பகல் தூக்கம், விளையாட்டு. நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்த இரண்டு மதிப்பெண் விடை இதுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபது ஆண்டுகளின் படிகள் இருந்தன. குளியல் போதாது என்று சோதனை. சோதனை போதாது என்று உணவு. உணவு போதாது என்று மருத்துவம். மருத்துவம் போதாது என்று காற்றும் தோட்டமும்.

அதே ஆண்டில் உலகப் போர் மூண்டது. போர்க்கால நெருக்கடியிலும் பள்ளி நடந்தது. ஆனால் ராச்சேலின் உடல் தாங்கவில்லை. 1917 மார்ச் 25ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் பிறந்தநாளன்றே, அவர் கண்மூடினார். பேச்சும் புகழும் மார்கரெட்டுக்கு. வேலையின் ஒழுங்கும் அமைதியும் ராச்சேலுக்கு என்று வாழ்ந்த சகோதரிகள். மார்கரெட் அந்தப் பள்ளிக்குத் தமக்கையின் பெயரைச் சூட்டினார். 1927இல் தமக்கையின் வரலாற்றையும் நூலாக எழுதினார். அந்நூலின் பெரும்பகுதி மார்கரெட்டின் சொந்தக் கதையே என்று படித்தவர்கள் கூறுவார்கள். அக்காள் வேறு, தாம் வேறு என்று பிரித்தெழுத அவரால் முடியவில்லை போலும்.

எஞ்சிய ஆண்டுகளை அவர் ஆசிரியர்களை உருவாக்குவதில் செலவிட்டார். சிறு குழந்தைகளுக்கு யார் வேண்டுமானாலும் பாடம் சொல்லலாம் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. உடலியலும் சுகாதாரமும் அறிந்த, குழந்தையைக் குளிப்பாட்டவும் கூசாத ஆசிரியர் வேண்டும் என்றார். 1923இல் தோன்றிய நர்சரிப் பள்ளிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1930இல் டெட்போர்டில் ராச்சேல் மக்மில்லன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை மேரி அரசியார் திறந்துவைத்தார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில், எழுபதாம் வயதில், மார்கரெட் அம்மையார் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவர் விட்டுச்சென்ற சொத்து அந்தப் பள்ளியும் கல்லூரியும், நாட்டின் சட்டப் புத்தகத்தில் சில வரிகளும்.

நம் நாடு இப்பாதையில் தன் வழியே நடந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க முன்வந்தது. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் அதைப் பெருக்கினார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவு தருமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013இல் பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை பிள்ளைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நலத் திட்டம் வந்தது. 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவும் பள்ளிக்குள் நுழைந்தது. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் இன்று குறைவில்லை. எனினும் என் வகுப்பில் ஒரு பையன் 8ஐ 3 என்று எழுதிக்கொண்டிருந்தான். திட்டம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆசிரியர் நாள்தோறும் வருகிறார். நாள்தோறும் பார்க்கிறவன் பார்க்கத் தவறினால், ஆண்டுக்கு ஒருமுறை வருபவர் என்ன செய்வார்?

அந்தச் சிறுவனை மறுநாளே முதல் வரிசையில் உட்காரவைத்தேன். வகுப்பாசிரியை பெயரைக் குறித்துக்கொண்டு, பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டினார். என் பயிற்சி முடியும் வாரத்தில் அவன் கண்ணாடி அணிந்து வந்தான். அது மூக்கிலிருந்து வழுகிக்கொண்டே இருந்தது. அவன் ஒரு விரலால் தள்ளிக்கொண்டே எழுதினான். வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்ததற்கு அதே வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தேன். என் இந்தி அன்று முன்னினும் மோசமாக இருந்தது. பிள்ளைகள் மீண்டும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நண்பர்களே, நம் சங்கத்தில் மருத்துவம் பயில்வோர் இருக்கிறீர்கள். என்னைப்போல் ஆசிரியராகப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் நாம் கூடுகிறோம். ஆண்டில் ஒரு சனிக்கிழமை, தலைமையாசிரியரின் இசைவு பெற்று, அண்டையில் உள்ள ஒரு பள்ளிக்கும் கூடிப் போகலாம். எழுத்து அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளை ஒவ்வொருவராக எட்ட நிறுத்திப் படிக்கச் சொல்ல அதிகச் செலவாகாது. படிக்க முடியாதவர் பெயரை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வரலாம். இந்தி நன்றாகத் தெரிந்த ஒருவர் உடன் வந்தால் நலம்.